கடல் கடந்து கற்ற கைமொழி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் ஒரு மாதத்துக்கு முன் போன் செய்தார். "நீ சிலோனுக்கு ஏதோ ஊழியத்துக்குப் போனியாமே, தீவெல்லாம் சுத்திப் பாத்தியாமே. அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு. ஜாலியா இருக்கணும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அது அவ்வளவு ஜாலியான கதை இல்லை என்று. பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே மதம் பேச வரவில்லை. இந்த ஹாலில் திருவொற்றியூர் தியாகராஜரைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், எங்கேயும் போகாதவர்களும் இருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ராயபுரத்தில் ஒரு சிறிய சபையின் வாலிபர் சங்கத்தில் இருக்கிறேன். அதனால் என் கதை அந்த வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

கதையை யாழ்ப்பாணத்தில் தொடங்க முடியாது. எண்ணூரில்தான் தொடங்க வேண்டும்.

எனக்கு ஒரு சித்தப்பா. ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் குப்பத்தில் அதை யாரும் தப்பாகவும் நினைக்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை. காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கும் வேலை. கைராசிக்காரர் என்று பேர். எங்கள் வீட்டு மாடி அறைதான் அவருடைய உலகம். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துக் கடலுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது, ஃபீஸ் கட்டக் குறைந்த பணத்தைப் பனியன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அவரோடு எங்களுக்கு எப்படிப் பேச்சு? சோறு, தண்ணீர், காசு, வா, போ, தூங்கு. ஒரு இருபது, முப்பது சைகை இருக்கும். அதுவும் செத்துப்போன என் பாட்டி உண்டாக்கியது. பாட்டிதான் அவரோடு மணிக்கணக்கில் கையால் பேசுவாள். பாட்டி போன பிறகு வீட்டில் அந்தப் பேச்சும் போய்விட்டது. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று யோசித்ததே கிடையாது.

2023 டிசம்பர். அந்த மாதம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. முதல் வாரம் மிக்ஜாம் புயல், வெள்ளம். வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து வலையையும் படகையும் கறுப்பாக்கியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். "கேஸு, கேஸு, ஓடுங்க" என்று தெருவெல்லாம் சத்தம். சட்டை போடாமல் ஓடினார்கள், கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நானும் மனைவியையும் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஆட்டோவில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

மெயின் ரோட்டுக்கு வந்து மூச்சு விட்ட பிறகு அம்மா கேட்டாள்: "சித்தப்பா எங்கேடா?"

அம்மா நான் எழுப்பியிருப்பேன் என்று நினைத்தாள். நான் அம்மா எழுப்பியிருப்பாள் என்று நினைத்தேன். ஊரே கத்தியிருக்கிறது. ஊர் கத்தினது அவருக்கு எப்படித் தெரியும்?

ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு திரும்பி ஓடினேன். தெரு காலி. வீடு காலி. சித்தப்பா மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, இருமுகிறார், ஆனால் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எரிச்சலில் எழுந்திருக்கிறார். தெருவில் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறார். 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர் அவர். தண்ணீர் வருகிறது என்று முடிவு செய்து மேலே ஏறிவிட்டார். அவர் அறிவுக்கு அது சரிதான். தண்ணீராக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், ஓடின நாங்கள் போயிருப்போம். ஆனால் வந்தது தண்ணீர் இல்லை. அமோனியா காற்றைவிட லேசானது, மேலே ஏறும் என்று இதே கல்லூரியில் கெமிஸ்ட்ரி சார் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை அவருக்குச் சொல்ல என் கையில் ஒரு சைகை இல்லை.

அவர் என்னைப் பார்த்து "என்ன?" என்று கையை விரித்தார். நான் என்ன சொல்வது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஆட்டை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கை விரித்த கேள்விக்கு நான் ஒரு வருஷத்துக்கு மேல் பதில் சொல்லவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எங்கள் சபையில் அந்த அறிவிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் காது கேளாதோருக்காக ஒரு ஐக்கியக் கூடுகை நடக்கிறது. உள்ளூர்ச் சபை அழைத்திருக்கிறது. ஏழு நாள் பயணம். மூன்று நாள் ஊழியம், மீதி நாள் நயினாதீவு, நெடுந்தீவு. புறப்படுகிறவர்கள் மூன்று மாதம் சைகை மொழி வகுப்பில் உட்கார வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை இழுத்தது ஊழியம் இல்லை. தீவுதான். நெடுந்தீவில் காட்டுக்குதிரை திரியும், பவளக்கல்லை அடுக்கி வேலி போட்டிருப்பார்கள் என்று படித்திருந்தேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்து ஒரு முத்திரைகூட விழாமல் கிடந்தது. சேவையும் ஆச்சு, சுற்றுலாவும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். சித்தப்பாவைப் பற்றி அப்போதும் நினைக்கவில்லை. நம்புங்கள், மூன்று மாதம் சனிக்கிழமை தோறும் வகுப்புக்குப் போய்க் கைமொழி கற்றேன். வீட்டுக்கு வந்து அவர் எதிரில் ஒரு நாளும் கையைத் தூக்கவில்லை. கற்றது யாழ்ப்பாணத்துக்காக என்று தனியாக எடுத்து வைத்திருந்தேன், தீபாவளித் துணி மாதிரி.

2025 மார்ச்சில் புறப்பட்டோம். இரவு ரயிலில் நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். இந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் என்று நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விடப்பட்டது. அன்று கடல் அமைதி. ஏறக்குறைய நாலு மணி நேரம். ஹார்பர் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், கடலுக்கு அந்தப் பக்கம் என்ன என்று அன்றுதான் பார்த்தேன்.

கப்பலில் எங்கள் ஆயர் எங்களை உட்கார வைத்து ஒரு பாடம் நடத்தினார். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போகிறவன் போன இடத்தில் தெருவில் நின்று பிரசங்கம் செய்யக் கூடாது, அழைத்தவர்கள் வீட்டில் விருந்தாளியாக அடக்கமாக இருக்க வேண்டும் என்றார். பிறகு, கடல் தாண்டிக் காது கேளாதோரிடம் போனவர்கள் நமக்கு முன்பே இருக்கிறார்கள் என்று சில கதைகள் சொன்னார். ஊருக்கு வந்து அவற்றைத் தேடிப் படித்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் டி லெப்பே என்று ஒரு பாதிரியார். காது கேளாத இரட்டைச் சகோதரிகளைச் சந்திக்கிறார். இவர்களுக்கு ஞானபோதனை கிடைக்காமல் போகிறதே என்று கவலைப்படுகிறார். அவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினால், பாரிஸில் காது கேளாதவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வது தெரிகிறது. முதலில் அதை அவர் கற்றுக்கொள்கிறார். பிறகுதான் கற்பிக்கிறார். அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னால் பல தேசத்துப் பள்ளிகளுக்குத் தாய்.

அமெரிக்காவிலிருந்து தாமஸ் காலடெட் என்ற இளம் போதகர் 1815இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். பக்கத்து வீட்டில் ஒரு காது கேளாத சிறுமி, அவளுக்குப் படிப்புச் சொல்ல வேண்டும், அதற்கு வழி தேடிப் போகிறார். பாரிஸ் பள்ளியைச் சேர்ந்த லொரான் கிளேர் என்ற காது கேளாத ஆசிரியரைக் கண்டு, கையோடு அழைத்துக்கொண்டு 1816இல் திரும்புகிறார். கப்பலில் 52 நாள். அந்த 52 நாளும் கிளேர் காலடெட்டுக்குச் சைகை கற்றுக் கொடுக்கிறார், காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுக்கிறார். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தார்கள். அதனால்தான் அமெரிக்கக் கைமொழி, ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் கைமொழி போல் இல்லாமல் பிரெஞ்சுக் கைமொழிக்கு உறவாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் 1890களில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. 1912இல் மேரி சேப்மன் என்ற அம்மையார் இலங்கையில் பள்ளி தொடங்கினார். அதுதான் ரத்மலானைப் பள்ளி. அவரே பிறகு பர்மாவுக்குப் போய் 1920இல் ரங்கூனில் ஒரு பள்ளி தொடங்கினார். ரத்மலானை தெற்கே இருக்கிறது. வடக்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் கைதடியில் 1956இல் நஃபீல்ட் பள்ளி வந்தது. நாங்கள் ஏ9 சாலையில் போனபோது கைதடியைத் தாண்டித்தான் போனோம்.

இவர்களை எல்லாம் நான் ஏன் சொல்கிறேன்? இவர்கள் யாரும் ஏழு நாளில் திரும்பி வரவில்லை. போன இடத்தில் உட்கார்ந்தார்கள். சொல்லிக் கொடுக்கப் போய், முதலில் மாணவனாக உட்கார்ந்தவர்களின் வேலைதான் ஊன்றி நின்றது. சரித்திரத்தில் இதற்கு நேர் எதிரான பாடமும் உண்டு. 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. பள்ளியில் கையால் பேசக் கூடாது, வாயசைவைப் பார்த்துப் பேசத்தான் கற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்த கூட்டத்தில் காது கேளாதவர் பெயருக்குத்தான் இருந்தார். அந்தத் தீர்மானத்தால் எத்தனையோ தேசங்களில் பிள்ளைகளின் கைகளை மேஜைக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் கழித்து.

சரி, யாழ்ப்பாணம். கூடுகையில் நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த சாட்சியைக் கையால் சொல்ல எழுந்தேன். இரண்டு நிமிஷம் போயிருக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஊர்ச் சைகையில் அது வேறு ஒன்றாக இருந்திருக்கிறது. அங்கே பேசுவதும் தமிழ், இங்கே பேசுவதும் தமிழ். ஆனால் கைக்கு அந்தத் தமிழ் இல்லை. கைமொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது இல்லை, அதற்கென்று தனி இலக்கணம், தனி ஊர் வழக்கு உண்டு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காதில் வாங்கவில்லை. ஒரு பையன் எழுந்து வந்து என் விரலைப் பிடித்துத் திருத்தினான். வைவாவில் நின்ற மாதிரி நின்றேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அறுபது வயது இருக்கும். பிறவியிலேயே காது கேளாதவர். பக்கத்தில் அவர் தங்கை மகள், மொழிபெயர்த்துச் சொல்ல. அந்த அம்மா கையால் கேட்டதை அந்தப் பெண் சொன்னாள்:

"உங்கட வீட்டில ஆரும் காது கேளாத ஆக்கள் இருக்கினமோ எண்டு பெரியம்மா கேக்கிறா."

சித்தப்பா என்றேன்.

"அவருக்கு நீங்கள் இதெல்லாம் சொன்னனீங்களோ எண்டு கேக்கிறா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா என்னை விடவில்லை. சித்தப்பா என்ன வேலை, என்ன சாப்பிடுவார், யாரோடு பேசுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யாரோ கேட்டதுபோல் அமோனியா இரவைச் சொல்லிவிட்டேன். மாடியில் நின்றதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். சண்டைக் காலத்தில் ஷெல் வருகிற சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்கு குழிக்குள் ஓடுவார்கள். அவருக்குத் தரை அதிர்ந்த பிறகுதான் தெரியும். அதனால் அவருடைய அம்மா, ராத்திரி படுக்கும்போது ஒரு சேலைக்கிழிசலை எடுத்து, ஒரு முனையைத் தன் கையிலும் மறுமுனையை மகள் கையிலும் கட்டிக்கொண்டு படுப்பாராம். வருஷக்கணக்கில். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தில் லட்சக்கணக்கான ஜனம். அன்றும் அந்தத் துணி கையில் இருந்ததாம். "அம்மா எனக்குக் கடவுளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. துணியைக் கட்டினாள். எனக்கு விளங்கிவிட்டது" என்று கையால் முடித்தார்.

மறுநாள் நயினாதீவு. குறிகட்டுவானில் படகு ஏறினோம். நாகபூஷணி அம்மன் கோயில், கொஞ்ச தூரத்தில் பௌத்த விகாரை. அதற்கடுத்த நாள் நெடுந்தீவு. குதிரைகளைப் பார்த்தேன், பவளக்கல் வேலியைப் பார்த்தேன், பெருக்க மரத்தைப் பார்த்தேன். போட்டோ எல்லாம் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன். ஆனால் என் மணிக்கட்டை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவு என்றதும் இன்னொரு தீவு சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு மீனவத் தீவு. அங்கே பரம்பரையாகப் பலர் காது கேளாமல் பிறந்தார்கள். சில்மார்க் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 25 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. அங்கே என்ன நடந்தது தெரியுமா? காது கேட்கிறவர்களும் கையால் பேசினார்கள். கடையில், சர்ச்சில், படகுக்குப் படகு, எல்லா இடத்திலும். அதை ஆராய்ந்து நோரா எல்லன் குரோஸ் 1985இல் புத்தகம் எழுதினார். அங்கே காது கேளாதோர் மீனவராக, விவசாயியாக, குடும்பஸ்தராக எல்லோரையும்போல் வாழ்ந்தார்கள். காது கேளாமை அங்கேயும் இருந்தது. தனிமைதான் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் காசிமேடு ஞாபகம் வந்தது. கடலில் எஞ்சின் சத்தத்தில் படகுக்குப் படகு நம் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள்? கையால். ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர் மேலே உட்கார்ந்திருக்க, கீழே நிற்கும் சிக்னல்மேன் எப்படிப் பேசுகிறான்? தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து, எல்லாம் கையால். பிரஸ் ஷாப்பில் காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு நாம் எப்படிப் பேசுகிறோம்? கையால். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சத்தத்தில் பிழைக்கிற ஜனங்கள் நாம். வேலை என்று வந்தால் கைமொழி நமக்குச் சுலபமாக வருகிறது. சரக்குப் பெட்டிக்காகக் கையை அசைக்கிறோம், சித்தப்பாவுக்காக அசைப்பதில்லை.

ஊருக்கு வந்தேன். நேராக மாடிக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வகுப்பில் கற்ற சைகையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவர் பள்ளிக்கூடமே போகவில்லை, அந்த மொழியை அவர் பார்த்ததே இல்லை. அப்போதுதான் டி லெப்பே ஞாபகம் வந்தது. கையை இறக்கிவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்று காட்டினேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம். பாட்டியோடு பேசிய கைகள் அவை, எனக்குத் தெரியாத எத்தனை வார்த்தைகள் அவரிடம் இருந்தன! கடலுக்கு ஒன்று, கெட்ட கடலுக்கு ஒன்று, செத்துப்போன தாத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்கு என்ன பேர் தெரியுமா? தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. முப்பத்தேழு வயதிலும் எனக்கு அதுதான் பேர்.

அன்று ராத்திரி அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். சமையல் கேஸ் சிலிண்டரைக் காட்டி, மூக்கைப் பொத்தி, கண்ணைக் கசக்கி, காற்று மேலே போவதைக் காட்டி, மாடி வேண்டாம் என்று காட்டினேன். "ஓ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் ஒன்று கேட்டார். "அன்றைக்கு ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்?" அதற்குச் சைகை தேவைப்படவில்லை. அவர் காலைத் தொட்டேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் எலெக்ட்ரிகல் படித்தவன். அழுதுவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கல்லூரிக்குக் கெட்ட பேர். அவர் அறையில் ஒரு ஃப்ளாஷ் லைட், தலையணைக்கு அடியில் பழைய செல்போனிலிருந்து எடுத்த வைப்ரேட்டர் மோட்டார் போல ஒன்று, கீழே ஹாலில் ஒரு சுவிட்ச். கரண்ட் போனாலும் வேலை செய்யப் பேட்டரி. செலவு மிகக் குறைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதுவும் பழுதானால்? வாசலில் இருந்து மாடிக்கு ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: ஏதாவது என்றால் முதலில் இந்தக் கயிறை இழு. யாழ்ப்பாணத்து அம்மாவின் சேலைக்கிழிசல்தான் அது.

பிறகு எங்கள் தெருக்களில் விசாரித்தோம். காது கேளாதவர்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் வீட்டில்கூட ராத்திரி எழுப்ப ஏற்பாடு இல்லை. இத்தனை வருஷம் அதே தெருவில் நடந்திருக்கிறேன்.

தம்பி தங்கையரே, நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களிடம் மூன்றே விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: நீங்கள் எந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாலும், அங்கே சைரன் இருந்தால், அதோடு சுழலும் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சத்தத்தில் வேலை செய்கிற, காது நன்றாகக் கேட்கிறவனுக்கும் அது உயிர் காக்கும்.

இரண்டு: கைமொழி கற்றுக்கொள்ளுங்கள். டெல்லியில் 2015இல் இந்தியச் சைகை மொழிக்கென்று மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. 2021இல் 10,000 சொற்களுக்கு அகராதி வந்துவிட்டது. நம் கல்லூரியில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வகுப்பு வைக்கலாம், சங்கம் செலவு ஏற்கலாம் என்று இந்த மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன்.

மூன்று: வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். நான் போகாமல் இருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்காது. தீவையும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் போவதற்கு முன் கேளுங்கள்: அழைத்தது யார்? நான் திரும்பி வந்த பிறகு அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? அங்கே பேசப் போகும் மொழியை என் வீட்டில் யாரிடமாவது பேசியிருக்கிறேனா? ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற கறுப்பின அமெரிக்கர், பதினோரு வயதில் காதை இழந்தவர், 1957இல் கானாவுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். ஆப்பிரிக்காவில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அவர் காரணம். காது கேளாதோரிடம் போன அவரே காது கேளாதவர். நமக்கு அந்தத் தகுதி இல்லை. குறைந்தபட்சம் மாணவனாகப் போகலாம்.

கடைசியாக ஒன்று. யாழ்ப்பாணத்துக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லத்தானே போனேன்? சித்தப்பாவுக்கு அதையும் சொல்லலாம் என்று ஒரு நாள் சிலுவையைக் காட்டி ஆரம்பித்தேன். அவர் கையை அமர்த்திவிட்டார். அதற்கும் பாட்டி ஒரு சைகை வைத்திருக்கிறாள். வலது கையைப் படகு மாதிரிக் குவித்து, இடது கையை அதற்குக் கீழே கொடுத்துத் தாங்குவது. ஐம்பது வருஷமாக, கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகையும் பார்த்து அவர் அதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் ஏதோ கை உதறுகிறார் என்று நினைத்திருந்தோம்.

சித்தப்பா இங்கேதான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, நீலச் சட்டை. நான் வாயால் பேசியதை எல்லாம் என் மகள் அவருக்குக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்குக் கைதட்டல் கேட்காது. பாராட்ட நினைத்தால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுங்கள். அவருக்குத் தெரியும்.